நீர் புகாது

பாய்மரப் படகின் காற்றறையைத் திறந்ததும் படகுக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படகு கவிழ்ந்தாலும் மூழ்கவிடாமல் காக்கவேண்டிய அறைக்குள் காற்றுக்குப் பதில் முழங்கை ஆழத்துக்கு நாற்றத் தண்ணீர்.

“சீ! சாக்கடை தேவலாம்,” வருடாந்திரச் சோதனைக்கு வந்த அதிகாரி மூக்கைப் பொத்தினார். “பராமரிப்புன்னா என்னன்னு தெரியுமா?”

“மூணு தடவை அடைச்சேன் சார். எங்க ஒழுகுதுன்னே தெரியல.”

“வெளிய சோப்புத் தண்ணி பூசி, உள்ள காத்தடிங்க. தானா தெரியும்.”

அழுக்கை வாரிக் கொட்டிவிட்டு அப்படியே செய்தாள். பழைய ஒட்டுகளில் ஒன்றுமில்லை. ஓரமாக நாலே இடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது.

போன வருஷம் இதே அதிகாரி காற்றறைச் சுவரில் துளை போட்டு முடுக்கிய பித்தளைத் தகட்டின் நாலு திருகாணிகள். தகட்டில் பொறித்திருந்தது: ‘சோதிக்கப்பட்டது. நீர் புகாது.’

நாறும் கையை அவர் முன் நீட்டினாள். “இந்த வருஷத் தகட்டைக் குடுங்க சார். பசை போட்டு நானே ஒட்டிக்கிறேன்.”