எல்லா வகுப்பிலும்

ஸ்மார்ட் போர்டின் அடியில் எழுத்து ஓடத் தொடங்கியதும் அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

வரக்கூடாத எழுத்து அது.

திரையில் இரைப்பையின் படம். படத்துக்குக் கீழே, ஜெசிந்தா மிஸ் பேசப் பேச, அவர் சொன்னதெல்லாம் வரி வரியாக வந்து விழுந்தது.

'சாப்பாடு இங்க நாலு மணி நேரம் வரைக்கும் தங்கும். கவனிங்க.'

அவள் கடைசி பெஞ்சில், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாடச் செயலியை வடிவமைத்தவர்களில் ஒருத்தி. வகுப்பில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கச் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள்.

பக்கத்தில் நாற்காலி போட்டு பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஸ்டாஃப் ரூமில் ஜெசிந்தா மிஸ் தன் போனை அவளிடம் காட்டினார். செயலியில் பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது போன்ல மட்டும்தானே வரும்?"

இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலில் மிஸ்ஸுக்கு ஒரு காது போய்விட்டது. இன்னொன்று பாதி. பிள்ளைகளின் வாயைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். இந்தப் பள்ளியில் வேலையை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். காது விஷயம் தெரிந்தால் ஜூனில் கூப்பிட மாட்டார்கள். கண் மங்கிய கணக்கு மிஸ்ஸுக்குப் போன வருடம் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஆமா மிஸ், போன்ல மட்டும்தான்" என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

யோசிக்காமல் சொன்ன வார்த்தை. ஒருவர் தனக்கு வேண்டியதை ஒரு கருவியில் ஒருமுறை சொன்னால் போதும், அவர் நுழைகிற எல்லாக் கருவியிலும் அது தானாக வந்து நிற்க வேண்டும் என்று ஆபீசில் மூன்று மாதம் மல்லுக்கட்டியவளே அவள்தான். ஜெயித்த அன்று கேக் வெட்டினார்கள்.

மிஸ் தன் பெயரில் போர்டுக்குள் நுழைந்தார். எழுத்தும் கூடவே நுழைந்துவிட்டது.

நம்பிச் சொன்னவரைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

அடுத்து வந்த வரி மிஸ் சொன்னதல்ல.

'இன்னைக்கும் தயிர் சாதமாடி. எனக்கு வேணாம்.'

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி தலையைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா மிஸ் திரும்பினார். வரியைப் படித்தார். கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். எதை அமுக்கினால் இது போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் வெளிறிவிட்டது.

பிரின்சிபால் எழுந்து நின்றார்.

"காது கேக்காதவங்களுக்குப் போடுற மாதிரி ஓடுதே. யாரு மிஸ் இதப் போட்டது?"

அதுவும் போர்டில் வந்தது, கேள்விக்குறி முதற்கொண்டு.

ஜெசிந்தா மிஸ் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"நாங்கதான் மேடம்" என்றாள் அவள். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டாள். "எல்லா கிளாஸ்லயும் இப்படித்தான் வரும். இன்னையிலேர்ந்து."

பச்சைப் பொய். போர்டு அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதியது.

ஜெசிந்தா மிஸ் படித்தார். படித்து முடித்த பிறகும் போர்டைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்படியா? அப்ப பக்கத்துல எட்டு பி-யிலயும் ஓடணுமே. பாத்துட்டு வந்துடறேன்."

பிரின்சிபால் கிளம்பிவிட்டார்.

வராண்டாவில் மிஞ்சிப்போனால் இருபது அடி தூரம். பிரின்சிபாலுக்கு முட்டி வலி. பாவம் என்று காலையில் நினைத்தவள் இப்போது அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

இந்தப் பள்ளியின் எல்லா போர்டுகளின் அமைப்பையும் மாற்றுகிற அனுமதி அவள் டேப்லெட்டில் இருந்தது. ஆபீசைக் கேட்காமல் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் திங்கட்கிழமை கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

அமைப்புகள். பள்ளி. எல்லா வகுப்பும்.

விரல் வியர்த்து, தொட்டது பதியவில்லை. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

'நிச்சயமாகவா?' என்று கேட்டது.

அவசரத்தில் யாரும் அமுக்கிவிடக்கூடாது என்று அந்தக் கேள்வியை வைத்ததும் அவள்தான். ஒருமுறை போதாதென்று இரண்டு முறை கேட்க வைத்திருந்தாள். வாய்க்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆம்.

'இது எல்லோருக்கும் மாறும். நிச்சயமாகவா?'

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. பக்கத்து வகுப்பின் கதவு கிரீச்சிட்டது.

ஆம்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

முன்னால் மிஸ் பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். "இரைப்பையிலேர்ந்து சிறுகுடலுக்கு..." குரல் நடுங்கியது. போர்டு நடுக்கம் எதுவும் இல்லாமல் எழுதிக்கொண்டு போனது.

பக்கத்து வகுப்பில் எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. "குட் மார்னிங் மேடம்" என்ற ராகம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. டேப்லெட்டில் வட்டம் நின்றது.

திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது குரல்கள் ஒன்றாக வெடித்தன.

இந்தப் பக்கத்துப் போர்டு அதையும் விடவில்லை.

'சிரிப்பு.'

இந்த வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா மிஸ் அந்த வார்த்தையைப் படித்தார். பிள்ளைகளை ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்.

பிறகு, மெதுவாக, எட்டு பி பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.