மாரப்பனின் நரம்பும் வீட்டு அமைதியும்

பஞ்சாலையில் முப்பது வருடம் தூசியைச் சுவாசித்த மாரப்பனின் கழுத்தில், மூச்சுக்குழாயை இறுக்கும் நரம்பைக் கண்காணிக்க ஒரு மின்னணுச் சில்லைப் பதித்திருந்தார்கள். நரம்பு துடித்தால் அவருடைய கைபேசி பேசும்: "நோயாளிக்கு மூச்சு இறுகுகிறது. தயவுசெய்து இனிமையாகப் பேசவும்."

அதன் பிறகு வீட்டில் அமைதி கொழித்தது. சொந்தக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். அவர் மனைவி தெய்வானை எதைக் கேட்டாலும் கைபேசி இனிமையை வேண்டியது. அவளும் பயந்து வாயை மூடிக்கொண்டாள். மகளுக்கு ஓசூரில் கிடைத்த வேலையைப் பற்றிய பேச்சு மூன்று முறை அப்படித்தான் முடிந்தது. வேலையில் சேர நாளைதான் கடைசி நாள்.

அன்று காலை சில்லைச் சோதிக்க வந்த பெண் திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த மாசம் அறுபத்தோரு எச்சரிக்கைங்க்கா. கைபேசியில அவசரத்துக்குன்னு கொடுத்த பொத்தானை அமுக்கி, அம்பத்தொம்பதை ஐயாவே வரவெச்சிருக்காரு."

மாரப்பன் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

"மிச்சம் ரெண்டு?" என்றாள் தெய்வானை.

"அது நெசமாவே இறுகினதுங்க்கா. பன்னண்டாந் தேதியும் பதிமூணாந் தேதியும்."

அந்த இரண்டு நாளும் தெய்வானை தம்பி வீட்டுக் கிடாவெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவரோடு மல்லுக்கட்ட ஆளில்லை.

தெய்வானை அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எங்கயும் போகலீங். இப்ப ஓசூர் பேச்சுக்கு வாங்."