புரியாத நாலு வரி

“‘உரிய நேரத்தில், உரியவர்களுக்கு, தக்கபடி பயன்படுத்தவும்.’ இது என்ன சார் விளக்கம்? படிச்சா எனக்கே ஒண்ணும் புரியல. அது எப்படி வேலை செய்யும்?”

மேனேஜர் ஹரீஷ்குமார் லேப்டாப்பை எச்.ஆர். அதிகாரி தங்கமணியின் பக்கம் தள்ளினார். ஏ.சி. அறையிலும் தங்கமணிக்குக் கழுத்து வேர்த்தது.

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஏ.ஐ. ஏஜென்ட் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ் ஏற்பாட்டுக்கு ஒரு டூல், கேன்டீனுக்கு ஒரு டூல், கேட் பாஸை நிறுத்த ஒரு டூல் என்று அதன் கையில் கொடுத்திருந்தார்கள். எதை எப்போது, யாருக்குப் பயன்படுத்த வேண்டும் என்று விளக்கம் எழுதிவிட்டால் போதும். படித்துவிட்டு அதுவே வேலையை முடித்துவிடும்.

“ஸ்வாதி எழுதின பஸ்ஸும் கேன்டீனும் தானா ஓடுது. உங்க கேட் பாஸ் மட்டும் நிக்குது. ‘யாருக்கு என்று தெளிவில்லை’ன்னு தினமும் உங்களையே திருப்பிக் கேக்குது. மூணு தடவை மாத்தி எழுதினீங்க. ஒவ்வொண்ணும் முன்னதை விட மோசம்!”

“புது மிஷின்தானே சார். போகப் போகப் பழகிக்கும்...”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்வாதி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். லேப்டாப்பை இழுத்து மடமடவென்று தட்டினாள். யாருக்கு, எப்போது, எந்தச் சமயத்தில் கூடாது என்று நாலே வரி. ஏஜென்ட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘நாளை காலை முதல் செய்கிறேன்’ என்றது.

ஹரீஷ்குமார் பெருமூச்சு விட்டார். “ஹெட் ஆபீஸ்ல பேசிட்டேன் சார். இனிமே நீங்க வேணாம்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

வீட்டுக் கடன் பாதிக்கு மேல் நிற்கிறது. மகள் பிரியதர்ஷினிக்குப் படிப்பு முடியவில்லை. இந்த வயதில் இனி எந்தக் கம்பெனி கூப்பிடும்? தங்கமணி கெஞ்சவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் அவமானமாகத்தான் இருந்தது.

அவர் கேட்டுக்கு வருவதற்குள் செய்தி அங்கே வந்துவிட்டது. அசெம்பிளி லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இருளாயி எதிரே வந்தாள். ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்தவள். கையில் இனிப்புப் பெட்டி. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தவள், அவருக்கு மட்டும் நீட்டவில்லை.

“கம்ப்யூட்டருக்கு நாலு வரி எழுதத் தெரியலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாகளாமே?”

“ஆமாம்மா.”

“எங்க வயித்தெரிச்சல் சும்மா விடுமா சார்? ஒரு வருசம் விடாம வேலை பாத்தா பெர்மனென்ட்டுன்னு யூனியன் ஒப்பந்தம் இருக்கு. பதினோராம் மாசமே எங்க பாஸை நிப்பாட்டி வெளிய தள்ளிட்டு, மறுபடி புது ஆளாச் சேப்பீக. எம்புட்டு வருசமா! அதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

“நான்தான்மா.”

“இந்தத் தடவை உங்க ஏஜென்ட்டு எங்களை எப்படியோ விட்டுருச்சு. இன்னையோட எனக்கும் முத்துக்குமாருக்கும் எங்க செட்டு அம்புட்டுப் பேருக்கும் வருசம் நிறைஞ்சுபோச்சு. இனி ஒருத்தரும் அசைக்க முடியாது. மனுசனுக்கு இல்லாத ஈரம் அந்த மிஷினுக்கு இருக்கு சார். அடுத்த வாரம் எந்தங்கச்சி பொற்கொடிக்கும் நிறையுது.”

நாளை காலை பொற்கொடியின் பாஸுக்குக் கேட் திறக்காது என்று சொல்லத் தங்கமணிக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். முதலாளிகளிடம் முடியாது என்று சொல்லும் துணிவு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான், ஐந்து நிமிடத்தில் தெளிவாக எழுதிவிடக்கூடிய அந்த நாலு வரியை, யாருக்கும் சந்தேகம் வராதபடி, இத்தனை நாளும் மெனக்கெட்டுக் குழப்பி எழுதிக்கொண்டிருந்தார்.