நாலாவது பெயர்

கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் தண்ணீர் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பத்து மணி வெயிலில் வாவி தகடாய் மினுங்க, அக்கரைத் தென்னைகளுக்கு மேலே கரும்புகை எழும்புகிறது. தீயணைப்பு மேற்பார்வையாளர் கனகசூரியம், வயது ஐம்பத்தாறு, ஆட்பட்டியலை நீட்டுகிறார். சிப்பாய் விரல் வைத்து எண்ணுகிறான். பெயர் நாலு, ஆள் மூன்று. "பேரின்பநாயகம் எங்க?" "சுகமில்ல சேர், நாளைக்கு வருவார்." ஐந்து மாதமாக இதையே சொல்லி நாக்குத் தழும்பேறிவிட்டது. வேலை முடிந்து சைக்கிளில் போன பேரின்பம் வீடு போய்ச் சேரவேயில்லை. பட்டியலில் பெயர் இருக்கும்வரை சம்பளம் வரும். அதில்தான் அவன் மனைவி புஸ்பம் மூன்று பிள்ளைகளுக்கு உலை வைக்கிறாள். ஆனால் இந்தச் சிப்பாய் புதியவன், தூக்கமில்லாமல் கண் சிவந்தவன். "ஆள் இல்ல, பேர் வெட்டு. பிறகு போ." பட்டியலின் பிரதி சம்பளம் போடும் கந்தோருக்குப் போகும்; பெயர் வெட்டுப்பட்டால் சம்பளமும் நிற்கும். "வெட்டி விடுங்க ஐயா," என்கிறான் சாரதி அசனார். "அங்க ஊடு எரியுது." "இதுவும் ஒரு ஊடுதானே, அசனார்?" சுடுகிற வண்டித் தகட்டில் தாளை வைத்துக் கனகசூரியம் கோடிழுக்கிறார். பேனை முனை தாளைக் கிழிக்கிறது. தடைமரம் மேலே போகிறது. ஏறி உட்கார்ந்து அக்கரையைப் பார்க்கிறார். புகை வெளுத்து நூலாய் மெலிந்துவிட்டது. இனி எரிய அங்கே ஒன்றும் இல்லை. "போவமா, ஐயா?" "ஓம், போ," என்கிறார். "திரும்பி வரக்குள்ள புஸ்பத்திட ஊட்டடியில நிப்பாட்டு."