பத்து ஹோம் ரன்

"அண்ணை, அந்த இடத்தை இன்னும் ஒருக்காப் போடுங்கோவன்."

சிவபாதம் சந்தோசமாக வீடியோ டெக்கின் பொத்தானை அழுத்தி நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார். ரொறன்ரோவுக்கு வந்த காலந்தொட்டு பேஸ்போல் பற்றிக் கதைக்க ஒரு தமிழ் ஆள் கிடைக்காதா என்று ஏங்கியவர் அவர். மனைவி யோகமலருக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே கொட்டாவி வரும். இப்போது பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் நாகேஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாதவள், ரீவிக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டு கண் வெட்டாமல் பார்க்கிறாள்.

முந்தின நாள் மேலே ரீ குடிக்க வந்தவள்தான். செய்தியில் இதே மட்சைக் காட்டியபோது கோப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"உது சும்மா மட்ச் இல்லைப் பிள்ளை," என்றார் சிவபாதம். "கிரிக்கெட்டில சிக்ஸர் மாதிரித்தான் உதில ஹோம் ரன். ஒரு மட்சில எட்டு அடிச்சதுதான் முந்தின சாதனை. எங்கட ரொறன்ரோ ரீம் பத்து அடிச்சிட்டுது! பத்து! நல்லகாலம் நான் பதிஞ்சு வைச்சன்."

திரையில் ஒரு பந்து இடப்பக்கமாகப் பறந்து, வேலியைத் தாண்டிச் சனத்துக்குள் விழுந்தது. நாலைந்து பேர் கைகளை நீட்டிக்கொண்டு எழும்பினார்கள்.

"இதில நிப்பாட்டுங்கோ!"

படம் நடுங்கியபடி நின்றது.

"இதில பந்து தெரியேல்லையே, பிள்ளை."

"பறவாயில்லை அண்ணை." அவள் இன்னும் கிட்டப் போனாள். "உந்தப் பக்கம் இருக்கிறவை எப்பவும் அங்கதான் இருப்பினமோ?"

"அது மலிவான ரிக்கற். இருக்கை நம்பர் இல்லை. ஆனா வழமையா வாற ஆக்கள் வேளைக்கே வந்து தங்கட இடத்தைப் பிடிச்சிடுவினம்."

"அடுத்த மட்ச் எப்ப?"

சிவபாதத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குசினிக்குள் போய் மனைவியிடம் பெருமையடித்தார். யோகமலர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"இஞ்சருங்கோ, உவளுக்கு அங்க ஆரோ பெடியன் இருக்கிறான். அவளின்ர கண்ணைப் பாருங்கோ, தெரியும்."

"விசர்க் கதை கதையாதையும். அவளுக்கு விளையாட்டில ஆர்வம்."

"அப்பிடியெண்டால் உங்கட ரீம் எத்தினை ஹோம் ரன் அடிச்சது எண்டு கேட்டுப் பாருங்கோ."

சிவபாதம் திரும்பிப் போய்க் கேட்டார். நாகேஸ்வரி திகைத்தாள்.

"ஆறோ அண்ணை? இல்லை ஏழோ?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடா தேயத் தேயப் பார்த்தவளுக்கு, உலகமே பேசுகிற அந்தக் கணக்குத் தெரியவில்லை! அப்படியென்றால் இவள் எதைத்தான் பார்க்கிறாள்? கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே விட்டுவிட்டார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். 'நானும் வாறன்' என்று யோகமலரும் சேர்ந்துகொண்டாள். அந்தப் பெடியன் யாரென்று பார்க்காவிட்டால் அவளுக்கு மனம் ஆறாது.

ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. கீழே ஆட்டம் தொடங்கிச் சனம் கூக்குரலிட்டது. நாகேஸ்வரி விளையாட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. இடப்பக்கப் படிகளில் ஏறியும் இறங்கியும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"நான் சொன்னனான்தானே?" என்று யோகமலர் கணவனை இடித்தாள்.

சிவபாதம் மூச்சிரைக்க நாகேஸ்வரிக்குப் பின்னால் ஓடினார்.

"ஆரையம்மா தேடுறீர்? எனக்கெண்டாலும் சொல்லும்."

"பொறுங்கோ அண்ணை. பிழைச்சுதெண்டால் எனக்கு விசர் எண்டு சொல்லுவியள். எனக்கே என்னில நம்பிக்கை இல்லை."

திடீரென்று அவள் நின்றாள். நாலு வரிசைக்குக் கீழே நீலத் தொப்பி போட்ட ஒருவன் பந்து பிடிக்கிற தோல் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தான். வெள்ளைக்காரன் அல்ல. முப்பது வயது மதிக்கலாம். யோகமலர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"சின்னண்ணா!"

அந்தச் சத்தத்துக்குள்ளும் அது அவனுக்குக் கேட்டது. திரும்பினான். மடியிலிருந்த கையுறை கீழே விழுந்தது. நாகேஸ்வரி தடுக்கித் தடுக்கி இறங்கிப் போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் அவளுடைய கன்னத்தைத் தொட்டான், கையை எடுத்தான், திரும்பவும் தொட்டான்.

"ரீவியில உங்கட முகத்தைக் கண்டன்," என்று அவள் விம்மினாள். "எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பில நீங்கள் வேலை செய்த கடையை ஆக்களோட எரிச்சுப் போட்டாங்கள் எண்டு சொன்னவை. அம்மா வருசாவருசம் ஆடியில உங்களுக்குத் திவசம் குடுக்கிறா, அண்ணா!"

"அம்மாவோ?" அவன் அவளைப் பிடித்து உலுக்கினான். "எங்கட கொழும்பு வீடு எரிஞ்சு சாம்பலாக் கிடந்ததை என்ர கண்ணால பார்த்தன் நாகேஸ். ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டாங்கள். இந்த ஆடியிலயும் நான்தானே அம்மாவுக்கும் உனக்கும் திவசம் குடுத்தனான்!"