செய்யக் கூடாதவை

இன்று மாலைக்குள் ஒரு கரோக்கி மெஷினாவது விற்காவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு அம்மாள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றதும் விற்பனையாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எப்படிப் பயன்படுத்தறதுன்னு வேண்டாங்க. என்னென்ன செய்யக் கூடாது, அதை மட்டும் சொல்லுங்க."

இவ்வளவு பொறுப்பானவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று அவர் உருகிப்போனார்.

"மைக்கை ஸ்பீக்கருக்கு நேரா வெச்சிடாதீங்கம்மா. வீல்னு கத்தும்."

"எவ்வளவு நேரம்?"

"நகர்த்தற வரைக்கும்."

அந்த அம்மாள் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"கரோக்கி டிஸ்க்தான் போடணும். சாதா சிடின்னா பாட்டு மட்டும் வரும், திரையில வரி ஓடாது."

"ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்குமா?"

"அச்சு அசல். உறை மாறிட்டா கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்."

"எக்கோவைக் குறைச்சா?"

"ஐயையோ! குரல் உள்ளபடியே கேட்கும். பாடறவருக்கே பொறுக்காது."

அந்த அம்மாள் நோட்டை மூடினாள். எதையும் வாங்காமல் நேரே முதலாளியின் அறைக்குள் போனாள். ஏதோ புகார், நம் கதை முடிந்தது என்று விற்பனையாளர் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது நிமிடம் முதலாளி வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"உன் வேலைக்கு இனி பயமில்லைய்யா. என் சம்சாரமே சிபாரிசு பண்ணிட்டா! தினமும் வீட்டுல நான் கரோக்கி மெஷின்ல மூணு மணி நேரம் பாடறதைக் கேட்டுக் கேட்டு, அவளுக்கும் மெஷின் மேல ஆசை வந்துடுச்சு பாரு!"

அவருடைய தோளுக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாள், உதட்டில் விரலை வைத்தாள்.