புதன்கிழமை வரை சட்டமில்லை

20.4.1994, புதன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. மாலைக் கல்லூரி மசோதா நிறைவேறிவிட்டது என்று எழுதியிருந்தேன். நிறைவேறவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில், அன்று சட்டமன்றத்தில் எடுத்துக்கொண்டு நிறைவேற்றப்படும் மசோதாக்கள் எவை என்று ஒரு செய்தி வந்திருந்தது. அது நிகழ்ச்சி நிரல்தான். நடக்கப் போவதை நடந்ததாக எடுத்துக்கொண்டேன்.

இன்றைய பத்திரிகையை மாலையில்தான் பார்க்க முடிந்தது. குடிநீர்ப் பஞ்சத்தைப் பற்றியே நாள் முழுக்கப் பேசி நேரம் போய்விட்டதால், மசோதாக்களை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். நம்பிக்கை வராமல் பஸ் நிலையத்தில் இன்னொரு பத்திரிகையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

கூட்டத்தொடர் தொடங்கியதிலிருந்து இந்த மசோதாவைக் கவனிக்கும் வேலையை வகுப்பு என்னிடம்தான் விட்டிருக்கிறது. மாலை வகுப்புகளை அரசைக் கேட்காமலே நிர்வாகம் மூடிக்கொள்ளலாம் என்கிறது மசோதா. பகலில் தறியிலும் கடையிலும் நிற்கிறவர்கள் நாங்கள். பட்டம் வாங்க இன்னும் ஓராண்டு பாக்கி. பகல் கல்லூரிக்குப் போக எங்களில் ஒருவராலும் முடியாது.

வகுப்புக்குப் போனதும் தவறை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். எனக்கு முன்பே தாளாளர் திருமலைசாமி உள்ளே வந்திருந்தார்.

மேசையருகே நின்று அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். புதிய சட்டப்படி ஜூன் முதல் மாலை வகுப்பு கிடையாது. இந்த வாரத்துக்குள் எல்லோரும் எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும். எழுத்தர் பாலுசாமி பெஞ்சு பெஞ்சாக விண்ணப்பத் தாள் கொடுத்துக்கொண்டு வந்தார்.

மாலையில் இந்தக் கட்டடம் தாளாளருக்கு வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தால் நல்ல கட்டணம் வரும். சட்டம் இல்லாமல் எங்களை அவரால் அனுப்ப முடியாது. ஆனால் நாங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சட்டமே தேவையில்லை.

என் பக்கத்தில் உம்மல் குல்சும் எழுதத் தொடங்கியிருந்தாள். ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, சாப்பிடாமல் வகுப்புக்கு வருகிறவள்.

எழுந்து நின்றேன். மறுபடியும் தவறாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நொடி தோன்றியது. இரண்டு பத்திரிகை பார்த்தாயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“ஏனுங்கய்யா, அந்த மசோதா இன்னும் நெறவேறலைங்க. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வெச்சிருக்காங்க.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“நெறவேறிப்போச்சுன்னு நேத்து எங்கிட்டச் சொன்னது நீதான அம்மணி?”

வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

“தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. இப்பத் திருத்திக்கறேனுங்க. சட்டம் வர்ற வரைக்கும் நான் டி.சி. கேக்க மாட்டேனுங்க.”

வெள்ளிக்கிழமை நிறைவேறிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும், பிறகு அரசிதழில் வர வேண்டும் என்றேன். சொன்னது சரி. நூலகத்தில் பார்த்து வைத்திருக்கிறேன்.

பின்பெஞ்சு காளிச்சாமி, அதெல்லாம் வந்து சேர்வதற்குள் தன்னுடைய அரியர் பேப்பரே பாஸாகிவிடும் என்றார். வகுப்பு சிரித்தது. தாளாளர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

குல்சும் தாளை நான்காக மடித்துப் பாலுசாமியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“உன்னய நம்பி மூணு வரி எழுதிப்போட்டேன்டி. மையி யாரு தருவா?” என்று என் காதுக்குள் கேட்டாள்.

அவளுக்குப் பின் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் கொடுக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நேற்று அவர்களிடம் நிறைவேறிவிட்டது என்று சொன்னவள் நான்.

தாளாளர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“காலைல நேரத்துல வந்துரு அம்மணி. லெட்டர் ஒண்ணு அடிக்கோணும்.”

வழக்கமாகச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அது என்ன லெட்டர் என்று குல்சும் கேட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஒரு மில்லில் வேலை என்று மட்டும் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது தாளாளருடைய மில். அங்கே டைப்பிஸ்ட் நான். தெரிந்தால் என்னை அவருடைய ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். மசோதா என்னவாயிற்று என்று நேற்று அவர் கேட்டதும், நிறைவேறிவிட்டது என்று நான் சொன்னதும் அங்கேதான். அடுத்த நிமிடமே அவர் சொல்லச் சொல்ல அறிவிப்பை அடித்துக் கொடுத்தேன். இன்று அவர் வாசித்தது அதைத்தான்.

அப்படியானால் நாளைக்கு அடிக்கப் போகிற லெட்டர் யாருக்கு என்று குல்சும் கேட்டாள். கருமத்தம்பட்டி பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மசோதா நிறைவேறலாம். இன்று புதன்.

நாளைய வேலை: எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தெய்வாத்தாள் ஆகிய என்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல அடித்து, கையெழுத்துக்கு வைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வகுப்பு.